மெய்யும் செவ்வியலும்: ‘இல்மேட்டிக்’கை முன்வைத்து ஹிப் ஹாப்பின் ஓயாத வழக்கு

ஒரு கலைஞர் எந்தத் தெருவில் வளர்ந்தார், பாடுவதையெல்லாம் உண்மையில் வாழ்ந்தாரா, வரிகளைத் தாமே எழுதினாரா என்ற மூன்று கேள்விகளையும் ஒருசேர எழுப்பி, அவற்றுக்கான விடையைக் கொண்டே அவருடைய கலையை மதிப்பிடும் வழக்கம் ஹிப் ஹாப்பில் வேரூன்றியிருக்கும் அளவுக்கு வேறெந்த வெகுசன இசையிலும் வேரூன்றவில்லை. சோகப் பாடலைப் பாடும் பின்னணிப் பாடகரிடம் அந்தச் சோகத்துக்கான ஆதாரத்தை எவரும் கேட்பதில்லை. ராப் பாடுபவரிடம் மட்டும் ரசிகரும் விமர்சகரும் போட்டிக் கலைஞரும், சில வேளைகளில் நீதிமன்றமும்கூட, அதைக் கேட்கின்றனர். ‘ரியல்’ என்ற ஒற்றைச் சொல்லால் அந்த இசையுலகம் குறிப்பிடும் இந்த மெய்த்தன்மையும், ஓர் ஆல்பத்துக்கு அது வழங்கும் உச்சப் பட்டமான ‘கிளாசிக்’ என்ற செவ்வியல் தகுதியும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டே வளர்ந்துள்ளன. 1994ஆம் ஆண்டு வெளிவந்த நாஸ் என்னும் கலைஞரின் ‘இல்மேட்டிக்’ என்ற ஆல்பத்தின் வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால், இந்த இரண்டும் கலைஞரின் வாழ்க்கைக் குறிப்பிலிருந்து நேரடியாகக் கிடைப்பவை அல்ல என்பதும், சொல்லாலும் தாளத்தாலும் உருவாக்கப்பட்டுப் பின்வந்தோரின் பயன்பாட்டால் உறுதிசெய்யப்படுபவை என்பதும் புலனாகும்.

முதல் இசைத்தட்டிலேயே தொடங்கிய வழக்கு

ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாக 1973ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11 கொண்டாடப்படுகிறது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற முகவரியில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில், ஜமைக்காவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த டிஜே கூல் ஹெர்க், அன்று நடந்த விருந்தில் இசைத்தட்டுகளின் தாளப் பகுதிகளை நீட்டித்து ஒலிக்கவிட்டு ஆட்டக்காரர்களை ஆடவைத்தார். டிஜேக்குத் துணையாக ஒலிவாங்கியைப் பிடித்துக் கூட்டத்தை உற்சாகப்படுத்தியவர்கள் எம்.சி.க்கள் எனப்பட்டனர், அவர்களது தாளக்கட்டுப் பேச்சே ராப் என்ற தனிக்கலையாக வளர்ந்தது. பூங்காக்களிலும் சமுதாயக் கூடங்களிலும் நேருக்கு நேர் நிகழ்ந்த இக்கலை, ஆறு ஆண்டுகள் கழித்தே இசைத்தட்டில் ஏறிப் பெருவெற்றி பெற்றது.

அந்த வெற்றியைத் தேடித்தந்த 1979ஆம் ஆண்டின் ‘ராப்பர்ஸ் டிலைட்’ பாடல், பிராங்க்ஸின் மேடைகளில் பெயர்பெற்றிருந்த எவரும் பாடியதன்று. நியூஜெர்சியைச் சேர்ந்த இசைத்தட்டு நிறுவன உரிமையாளர் சில்வியா ராபின்சன் திரட்டிய ‘ஷுகர்ஹில் கேங்’ என்ற குழு அதைப் பாடியது. அக்குழுவில் இருந்த பிக் பேங்க் ஹாங்க், பிராங்க்ஸின் புகழ்பெற்ற எம்.சி.யான கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதிய வரிகளை எடுத்தாண்டார் என்பதும், காஸின் மேடைப்பெயர் வரும் பகுதியைக்கூட மாற்றாமல் அப்படியே பாடினார் என்பதும், காஸுக்குப் பாடலாசிரியர் என்ற பெயரோ அதற்குரிய பணமோ கிடைக்கவில்லை என்பதும் ஹிப் ஹாப் வரலாற்றில் நன்கு பதிவானவை. எனினும் அந்தப் பாடல்தான் ராப் என்ற கலை இருப்பதை உலகுக்கு அறிவித்தது. 2011ஆம் ஆண்டுக்கான தேர்வில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. மெய்த்தன்மை பற்றிய புகாருக்கு முற்றிலும் உரிய ஒரு படைப்பும் வரலாற்றுச் சிறப்பு பெற இயலும் என்ற சிக்கல், இவ்வாறு இக்கலையின் முதல் பெருவெற்றியிலேயே அடங்கியிருந்தது.

மெய்த்தன்மையின் ஆறு முகங்கள்

‘ரியலாக இரு’ என்ற கட்டளை ஒரே பொருளைக் குறிப்பதாகத் தோன்றினாலும், அதை உச்சரிப்பவர்கள் வெவ்வேறு அளவுகோல்களை மனத்தில் கொண்டிருக்கின்றனர். அமெரிக்கத் தொடர்பியல் அறிஞர் கெம்ப்ரூ மெக்லியோட் 1999ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இவற்றை ஆறாக வகுத்தது: தனக்கு உண்மையாக இருப்பதா, பெருங்கூட்டத்தின் போக்கைப் பின்பற்றுவதா என்ற உளவியல் எதிர்வு, கறுப்பர், வெள்ளையர் என்ற இன எதிர்வு, சந்தைக்கு வெளியே இயங்குவதா, வணிகத்துக்கு இசைவதா என்ற பொருளியல் எதிர்வு, முரட்டுத்தனம், மென்மை என்ற பாலினம் சார்ந்த எதிர்வு, தெரு, புறநகர் என்ற இட எதிர்வு, பழைய மரபை மதிப்பதா, பொதுச்சந்தையின் ஓட்டத்தில் கரைவதா என்ற பண்பாட்டு எதிர்வு. பொதுப்பண்பாட்டால் விழுங்கப்பட்டுவிடும் அச்சம் ஒரு பண்பாட்டைச் சூழும்போதுதான் இத்தகைய எல்லைக்கோடுகள் அழுத்தமாக வரையப்படுகின்றன என்பது அவருடைய வாதத்தின் மையம். கறுப்பின மக்களின் ஜாஸும் ராக் அண்ட் ரோலும் அவர்களிடமிருந்து பிறருக்குக் கைமாறி, வருவாயும் புகழும் வேறிடம் சேர்ந்ததை நினைவில் வைத்திருந்த ஒரு சமூகம் அந்த எல்லையைக் காக்க முனைந்தது முற்றிலும் நியாயமே.

இந்த அளவுகோல்கள் எவ்வாறு செயல்பட்டன என்பதை வெள்ளையினக் கலைஞர்களின் மூன்று மாறுபட்ட வரலாறுகள் விளக்கும். ஹார்ட்கோர் பங்க் இசையிலிருந்து ராப்புக்கு வந்த பீஸ்டி பாய்ஸ் என்னும் மூவர் குழுவின் ‘லைசன்ஸ்டு டு இல்’ (1986), அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் ராப் ஆல்பமானது. தாங்கள் வளராத தெருவைத் தங்களுடையதாக அவர்கள் காட்டிக்கொள்ளவில்லை, ஆகவே காலப்போக்கில் மதிக்கப்பட்டனர். 1990ஆம் ஆண்டு ‘ஐஸ் ஐஸ் பேபி’ என்ற பாடலின் மூலம் பில்போர்டு தனிப்பாடல் பட்டியலின் முதலிடத்தை ராப்புக்குப் பெற்றுத்தந்த வெனிலா ஐஸ், மயாமியின் கரடுமுரடான தெருக்களில் வளர்ந்தவராக அறிமுகப்படுத்தப்பட்டார். அவருடைய இளமை பெரும்பாலும் டல்லாஸ் நகரின் புறநகர்ச் சூழலில் கழிந்தது என்பது வெளிப்பட்டதும், கோடிக்கணக்கில் விற்ற அவருடைய பெயர் சில மாதங்களில் நகைப்புக்குரியதானது. டெட்ராய்ட் நகரின் ஏழை வெள்ளையினக் குடும்பத்தில் வளர்ந்த எமினெம் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். ராப் போட்டி மேடைகளில் தேர்ச்சி பெற்று, இசைத் தயாரிப்பாளர் டாக்டர் டிரேயின் ஆதரவோடு வந்த அவர், தம் நிறமே தம் விற்பனையைப் பெருக்குகிறது என்பதை 2002ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றில் தாமே எடுத்துரைத்தார். அதே ஆண்டு வெளிவந்த ‘எய்ட் மைல்’ திரைப்படத்தில் அவர் ஏற்ற பாத்திரம், எதிராளி சொல்லக்கூடிய இழிவுகள் அனைத்தையும் முன்கூட்டித் தானே சொல்லிவிடுவதால் இறுதிப்போட்டியை வெல்கிறது. இம்மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்கினால், இச்சமூகம் தண்டித்தது அந்நியத்தன்மையைக் காட்டிலும் பொய்யுரிமையையே என்பது தெளிவாகிறது.

குயின்ஸ்பிரிட்ஜின் குரல்

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், ஈஸ்ட் ரிவர் ஆற்றின் கரையில், 1939ஆம் ஆண்டு திறக்கப்பட்ட குயின்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பு, 3,100க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்ட, வட அமெரிக்காவின் மிகப்பெரிய அரசுப் பொதுக்குடியிருப்பு. 1980களில் தயாரிப்பாளர் மார்லி மார்லும் எம்.சி. ஷானும் அவ்விடத்தை இசை வரைபடத்தில் ஏற்றினர். ஷானின் ‘தி பிரிட்ஜ்’ என்ற பாடலை, ஹிப் ஹாப்பின் பிறப்பிடத்துக்கு உரிமை கொண்டாடும் பாடலாகப் புரிந்துகொண்ட தென் பிராங்க்ஸின் கே.ஆர்.எஸ்-ஒன் 1987இல் கடுமையான எதிர்ப்பாடல் ஒன்றை வெளியிட, குயின்ஸ்பிரிட்ஜின் பெயர் சில ஆண்டுகள் தோல்வியின் அடையாளமாயிற்று. ஆகவே அங்கிருந்து வரும் அடுத்த கலைஞர் தம் திறமையோடு தம் குடியிருப்பின் மானத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருந்தது.

அப்படி வந்த நாஸின் இயற்பெயர் நசீர் ஜோன்ஸ். ஹிப் ஹாப் பிறந்ததாகச் சொல்லப்படும் அதே 1973ஆம் ஆண்டின் செப்டம்பரில் பிறந்தவர். தந்தை ஓலு டாரா ஜாஸ் இசைக்கலைஞர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு விலகி, நூல்களையும் இசைத்தட்டுகளையும் துணைகொண்டு தம்மைத் தாமே பயிற்றுவித்துக்கொண்ட அவர், 1991இல் மெயின் சோர்ஸ் என்ற குழுவின் பாடலில் ஒரே ஒரு பத்தி பாடியதன் மூலம் நகரின் கவனத்தை ஈர்த்தார். 1994ஆம் ஆண்டு ஏப்ரல் 19 அன்று கொலம்பியா நிறுவனம் ‘இல்மேட்டிக்’கை வெளியிட்டபோது அவருக்கு வயது 20.

இந்த ஆல்பத்தின் மெய்த்தன்மை எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு, நாஸ் உண்மையில் குயின்ஸ்பிரிட்ஜில் வளர்ந்தவர் என்பது போதிய விடையாகாது. அதே குடியிருப்பில் வளர்ந்த பல்லாயிரம் பேர் இருந்தனர். விடை, அவர் எடுத்த கலை முடிவுகளில் இருக்கிறது. முதலாவது, சொல்பவரின் நிலை. அக்காலத்து ராப்பில் கதைசொல்லி பெரும்பாலும் குற்றத்தின் நாயகனாகத் தன்னை நிறுத்திக்கொண்டான். நாஸின் கதைசொல்லியோ அச்சமும் அயர்வும் கலந்த பார்வையாளனாக, தன்னைச் சுற்றி நடப்பதைக் கண்டு பதிவு செய்பவனாக நிற்கிறான். ‘ஒன் லவ்’ என்ற பாடல் சிறையில் இருக்கும் நண்பர்களுக்கு எழுதப்படும் மடல்களின் வடிவில் அமைந்து, வெளியுலகில் நிகழ்ந்தவற்றை உள்ளே இருப்பவருக்கு அறிவிக்கிறது. அதன் இறுதிப்பகுதியில் போதைப்பொருள் விற்கும் பன்னிரண்டு வயதுச் சிறுவனுடன் நிகழும் உரையாடல், ஒரு தலைமுறையின் சரிவை எந்த உபதேசமும் இன்றிக் காட்டிவிடுகிறது. இரண்டாவது, யாப்பு. அடியின் இறுதியில் மட்டும் இயைபு அமைத்துவந்த பழைய முறையை, 1980களின் பிற்பகுதியில் ராகிம் என்ற முன்னோடி அடியின் நடுவிலும் பல அசைகளாகப் பின்னும் முறையாக வளர்த்திருந்தார். நாஸ் அதை இன்னும் நெருக்கமாக்கி, வாக்கியம் அடியின் எல்லையைத் தாண்டி ஓடும்படி செய்ததால், திட்டமிட்டுச் செதுக்கிய வரிகள் தயக்கமற்ற பேச்சின் ஓட்டத்தைப் பெற்றன. மூன்றாவது, அளவு. முன்னிசையையும் சேர்த்துப் பத்தே பகுதிகள், நாற்பது நிமிடத்துக்கும் குறைவான நேரம், ஒரே ஒரு விருந்தினர் குரல் என்ற கட்டுப்பாடு, தேவையற்ற ஒரு வரிக்கும் இடம் தரவில்லை.

நான்காவது, இசைப்பின்னல். ஹிப் ஹாப்பில் ‘புரொடியூசர்’ எனப்படுபவர் பணம் போடுபவர் அல்லர். பழைய பதிவுகளிலிருந்து சிறு பகுதிகளை எடுத்துத் திரும்பத் திரும்ப ஒலிக்கவைத்தும் தாளம் சேர்த்தும் பாட்டுக்கான இசைத்தளத்தை உருவாக்குபவர். அவ்வாறு எடுத்தாளப்படும் பகுதி ‘சாம்பிள்’ எனப்படும். ஓர் ஆல்பம் முழுவதையும் ஒருவரோ ஒரு குழுவோ உருவாக்கும் வழக்கம் வலுவாக இருந்த நாளில், டிஜே பிரீமியர், பீட் ராக், கியூ-டிப், லார்ஜ் புரொஃபசர், எல்.இ.எஸ். ஆகிய ஐவரும் நாஸுக்காகப் பணியாற்றினர். அகமது ஜமாலின் ஜாஸ் பியானோவும், ஹீத் பிரதர்ஸின் இசையும், மைக்கேல் ஜாக்சனின் மென்மையான பாடல் ஒன்றும் இந்த ஆல்பத்தின் அடித்தளத்தில் சாம்பிளாக ஒலிக்கின்றன. மூன்றாம் பாடலின் முடிவில் தந்தை ஓலு டாராவின் கார்னெட் ஒலி மகனின் சொற்களைத் தொடர்ந்து எழுகிறது. முன்னிசையில் ஹிப் ஹாப்பின் தொடக்ககாலத் திரைப்படமான ‘வைல்ட் ஸ்டைல்’ (1983) ஒலிக்கிறது. அட்டைப்படத்தில் குடியிருப்பின் தெருவும் நாஸின் குழந்தைப்பருவ முகமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. இடம், குடும்பம், மரபு ஆகிய மூன்றின் மீதான உரிமையையும் முழக்கமாக அறிவிக்காமல், ஒலியிலும் படத்திலும் இழைத்துக்காட்டிய இந்த வேலைப்பாடே ‘இல்மேட்டிக்’கின் மெய்த்தன்மை.

மைக்குகளை வழங்கியவர்கள்

இந்த ஆல்பத்தைக் கிளாசிக் என்று முதலில் அறிவித்த அமைப்பின் வரலாறும் அடையாளம் பற்றிய எளிய விடைகளைக் குலைக்கிறது. ஹிப் ஹாப்பின் வேதநூல் என்று போற்றப்பட்ட ‘தி சோர்ஸ்’ இதழை 1988இல் தொடங்கியவர்கள், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த டேவிட் மேஸ், ஜான் ஷெக்டர் என்ற இரண்டு வெள்ளையின மாணவர்கள். ஒலிவாங்கிகளின் எண்ணிக்கையால் ஆல்பங்களுக்கு மதிப்பெண் தந்த அவ்விதழின் உச்சமான ஐந்து மைக் அரிதாகவே வழங்கப்பட்டது. ‘இல்மேட்டிக்’குக்கு அதை வழங்கிய மதிப்புரையை எழுதியவர், ‘ஷார்ட்டி’ என்ற புனைபெயரில் எழுதிவந்த கொரிய அமெரிக்க இளம்பெண் மின்யா ஓ. கறுப்பின ஆண்களின் தெருக்கலை என்று வரையறுக்கப்பட்ட ஒன்றின் செவ்வியல் தகுதியை, அந்த வரையறைக்கு வெளியே நின்றவர்கள் கூர்ந்து கேட்டு முன்மொழிந்தார்கள் என்பது அந்தத் தீர்ப்பின் மதிப்பைக் குறைப்பதில்லை; கேட்கும் திறனும் பொறுப்பும் பிறப்பால் வருவனவல்ல என்பதையே அது உணர்த்துகிறது.

அதே இதழ், நம்பிக்கை எவ்வளவு விரைவாகச் சிதையும் என்பதையும் காட்டியது. 1994ஆம் ஆண்டின் இறுதிப்பகுதியில், மேஸுக்கு நெருக்கமான ஒரு ராப் குழுவைப் பற்றிய கட்டுரை ஆசிரியர் குழுவின் ஒப்புதலின்றிச் சேர்க்கப்பட்டதால், ஷெக்டர் உட்பட முதன்மை ஆசிரியர்கள் பலர் விலகினர். அதன்பின் அவ்விதழின் மைக்குகள் பழைய எடையோடு மதிக்கப்படவில்லை. மதிப்பெண் வழங்கியவர்களுக்கும் மதிப்பெண் பெற்றவர்களுக்கும் இடையே இடைவெளி இருக்கும்வரையே செவ்வியல் தீர்ப்புக்கு மரியாதை உண்டு.

சந்தையின் தீர்ப்போ தாமதமாக வந்தது. பில்போர்டு பட்டியலில் 12ஆம் இடத்தில் நுழைந்த ‘இல்மேட்டிக்’, பத்து லட்சம் பிரதிகளைக் குறிக்கும் பிளாட்டினம் சான்றிதழைப் பெற 2001 வரை காத்திருக்க நேர்ந்தது. நாஸின் இரண்டாம் ஆல்பமான ‘இட் வாஸ் ரிட்டன்’ (1996) முதலிடம் பிடித்துப் பல மடங்கு விற்றபோது, அதையே அவர் வணிகத்துக்கு விலைபோனதன் சான்றாகச் சிலர் முன்வைத்தனர். அறிவுலக அங்கீகாரமும் மெல்லவே வந்தது. ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் 2003இல் வெளியிட்ட தலைசிறந்த 500 ஆல்பங்களின் பட்டியலில் 400ஆம் இடத்தில் இருந்த ‘இல்மேட்டிக்’, 2020ஆம் ஆண்டுப் பட்டியலில் 44ஆம் இடத்துக்கு உயர்ந்தது. அந்தப் பதினேழு ஆண்டுகளில் ஆல்பத்தின் ஒரு வரியும் மாறவில்லை. வாக்களித்தவர்களின் வயதும் இனமும் கேட்டுவளர்ந்த இசையும் மாறியிருந்தன. செவ்வியல் தகுதி படைப்பில் மட்டும் உறைந்திருப்பதில்லை, அதைக் கேட்கும் உரிமை பெற்றவர்களின் வட்டம் விரிவதையும் சார்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எழுதியவர் யார், வாழ்ந்தவர் யார்

மெய்த்தன்மை பற்றிய சர்ச்சைகளில் மிகக் கூர்மையானது, ஒருவர் பெயரில் இன்னொருவர் வரிகளை எழுதித்தரும் ‘கோஸ்ட்ரைட்டிங்’ பற்றியது. தன் கதையைத் தானே சொல்வதாக உறுதியளிக்கும் கலையில் இரவல் வரி நம்பிக்கைத் துரோகமாகக் கருதப்படுகிறது. 2015இல் ராப் பாடகர் டிரேக் மீது சக ராப் பாடகர் மீக் மில் இக்குற்றச்சாட்டை வைத்தபோது எழுந்த கொந்தளிப்பு இதனால் விளைந்ததே. ஆனால் இந்த விதி எல்லோர் மீதும் ஒரே அளவில் பாயவில்லை. டாக்டர் டிரேக்கு மற்றவர்கள் வரி எழுதுவது வெளிப்படையாக அறியப்பட்டது. அவருடைய ‘ஸ்டில் டி.ஆர்.இ.’ (1999) பாடலின் வரிகளை ராப் பாடகர் ஜே-ஸீ எழுதினார். டிரேயின் எழுத்தாகக் கேட்போர் மதித்தது அவர் அமைத்த ஒலியுலகம் என்பதால் அவர் மீது பழி விழவில்லை. உரிமை கோரப்படுவது எதுவோ அதற்கே சான்று கேட்கப்படுகிறது என்ற நியாயம் இதில் அடங்கியிருக்கிறது.

லாரின் ஹில்லின் ‘தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்’ (1998) இதே கேள்வியை வேறு திசையில் எழுப்பியது. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை 1999இல் வென்று, ஹிப் ஹாப்புக்கு அந்தச் சிறப்பை முதன்முதலில் பெற்றுத்தந்த இந்த ஆல்பத்தில் தங்கள் பங்களிப்பு முறையாகக் குறிப்பிடப்படவில்லை என்று உடன் பணியாற்றிய இசைக்கலைஞர்கள் வழக்குத் தொடுத்தனர். 2001இல் அது நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்பட்டது. உழைத்தவர்களுக்கு உரிய பெயரும் பங்கும் கிடைக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதே நேரத்தில், பல கைகள் சேர்ந்து உருவாக்கிய ஆண்களின் ஆல்பங்களில் எழாத ‘உண்மையில் இதைச் செய்தவர் யார்’ என்ற சந்தேகம் ஒரு பெண்ணின் ஆல்பத்தைச் சுற்றி மட்டும் நெடுநாள் நிலைத்தது ஏன் என்பதையும் நேர்மையான விமர்சனம் கேட்டாக வேண்டும்.

வாழ்க்கைக்கும் பாட்டுக்கும் இடையிலான இடைவெளியை முழுமையாக வெளிக்கொணர்ந்தவர் ரிக் ராஸ். போதைப்பொருள் பேரரசனின் குரலில் பாடி, உண்மையான கடத்தல்காரர் ஒருவரின் பெயரையே மேடைப்பெயராக ஏற்ற அவர், முன்னொரு காலத்தில் ஃபுளோரிடாவில் சிறைக்காவலராகப் பணியாற்றியவர் என்பதற்கான ஆவணங்கள் 2008இல் வெளியாயின. வெனிலா ஐஸின் கதி அவருக்கு நேரவில்லை. அடுத்த ஆண்டு வெளிவந்த ஆல்பம் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. பெயருக்கு உரியவர் தொடுத்த வழக்கிலும் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் ராப் பாடகருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து, இரவல் பெயரையும் வரலாற்றையும் மூலப்பொருளாகக் கொண்டு அவர் புதிய கலைப்படைப்பை உருவாக்கியுள்ளார் என ஏற்றுக்கொண்டது. 1990இல் மன்னிக்கப்படாத புனைவு 2009இல் ஏற்கப்பட்டதற்கு, ராப் கற்பனைக்கும் இடம்தரும் கலை என்பதைக் கேட்போர் படிப்படியாக ஒப்புக்கொண்டதும், அப்புனைவைத் தாங்கும் அளவுக்கு ராஸின் குரலும் இசையும் வலுவாக இருந்ததும் காரணங்கள்.

மெய் என்ற கோரிக்கையின் விலை

ராப் வரிகள் அனைத்தும் வாழ்க்கை வாக்குமூலமே என்ற நம்பிக்கை, ரசிகர்களின் விவாதத்தைத் தாண்டிக் குற்றவியல் நீதிமன்றங்களுக்குள் நுழைந்தபோது அதன் ஆபத்து முழுமையாக வெளிப்பட்டது. எரிக் நீல்சன், ஆண்ட்ரியா டென்னிஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ‘ராப் ஆன் டிரயல்’ என்ற நூல், அரசுத்தரப்பு வழக்கறிஞர்கள் ராப் வரிகளைக் குற்றத்துக்கான சான்றாக முன்வைத்த நூற்றுக்கணக்கான வழக்குகளை எடுத்துக்காட்டியது. கொலையை விவரிக்கும் நாவலாசிரியரையோ நாட்டுப்புற இசைப் பாடகரையோ எவரும் அவ்வாறு விசாரிப்பதில்லை என்பதால், கறுப்பின இளைஞருக்குக் கற்பனை செய்யும் திறனையே மறுக்கும் இனப்பாகுபாடு இதில் உள்ளுறைகிறது. ஜார்ஜியா மாநிலத்தில் யங் தக் என்ற ராப் பாடகர் மீதான வழக்கில், குறிப்பிட்ட வரிகளை நிபந்தனையோடு சான்றாக ஏற்க நீதிபதி 2023 நவம்பரில் அனுமதித்தார். கலிபோர்னியாவோ 2022இல் இயற்றிய சட்டத்தின் மூலம், கலை வெளிப்பாட்டைச் சான்றாக ஏற்பதற்கு முன் அதனால் விளையும் பாரபட்சத்தை நீதிமன்றம் ஆராய வேண்டும் என்று விதித்தது. ‘நான் பாடுவதெல்லாம் நிஜம்’ என்று விளம்பரப்படுத்தி விற்ற இசைத்தொழிலும், அந்த விளம்பரத்தை மெய்யெனக் கொண்டாடிய ரசிகர் கூட்டமும் இந்த அநீதியில் தமக்குள்ள பங்கை உணர வேண்டும்.

அளவுகோல்களின் குறுகல் வேறு வகையிலும் விலை கேட்டது. நியூயார்க்கின் தெருவே ரியல் என்ற எண்ணம் ஓங்கியிருந்த 1995இல், ‘தி சோர்ஸ்’ விருது விழாவில் சிறந்த புதிய குழுவாக அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் அறிவிக்கப்பட்டபோது, அரங்கிலிருந்தோர் கூச்சலிட்டு எதிர்த்தனர்; தென்மாநிலங்களுக்கும் சொல்வதற்கு உண்டு என்று அக்குழுவின் ஆண்ட்ரே 3000 அம்மேடையிலேயே அறிவித்தார். மூன்றே ஆண்டுகளில் அக்குழுவின் ‘அக்கெமினி’ அதே இதழின் ஐந்து மைக்கைப் பெற்றது. முரட்டுத்தனமே மெய் என்ற அளவுகோல் பெண்களை இன்னும் ஆழமாகப் பாதித்தது. நாஸுக்குப் பத்து ஆண்டுகள் முன்பு, அதே குயின்ஸ்பிரிட்ஜில், மார்லி மார்லின் வீட்டில், பதினான்கு வயதுச் சிறுமியான ராக்ஸான் ஷாண்டே 1984இல் பதிவு செய்த பதிலடிப் பாடல் நகரையே கலக்கி, எண்ணற்ற எதிர்ப்பாடல்களுக்குத் தூண்டுகோலானது. ஆனாலும் குயின்ஸ்பிரிட்ஜின் வரலாறு பேசப்படும்போது அவருடைய பெயர் பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே சுருங்கியது. செவ்வியல் தகுதி ஆல்பம் என்ற வடிவத்தோடு மட்டும் பிணைக்கப்பட்டதும், தனிப்பாடலாலும் மேடைப்போட்டியாலும் புகழ்பெற்ற முன்னோடிகளை அது எளிதில் விட்டுவிட்டதும் இதற்குக் காரணங்கள்.

சட்டமும் பணமும்கூடச் செவ்வியலைத் தீர்மானித்தன. நியூயார்க்கின் லாங் ஐலேண்ட் புறநகரிலிருந்து வந்த டி லா சோல் குழுவின் ‘3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்’ (1989), தெருவில் வளர்ந்தவர்க்கே ரியல் உரித்து என்ற விதியைத் தன் விளையாட்டுத்தனத்தாலேயே பொய்யாக்கிய ஆல்பம். அதில் நிறைந்திருந்த சாம்பிள்களின் உரிமைச் சிக்கலும் ஒப்பந்தத் தகராறுகளும் தீராததால், 2023 மார்ச் வரை அக்குழுவின் தொடக்ககால ஆல்பங்கள் இணைய இசைத்தளங்களில் கேட்கக் கிடைக்கவில்லை. ஒரு முழுத் தலைமுறை அந்தச் செவ்வியலைப் பெயரளவிலேயே அறிந்திருந்தது.

செவ்வியலை உறுதிசெய்வது எது

நிறுவனங்களின் அங்கீகாரம் இன்று ஹிப் ஹாப்பைத் தேடி வருகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2013இல் நசீர் ஜோன்ஸ் பெயரில் ஹிப் ஹாப் ஆய்வு நல்கையை நிறுவியது; 2014இல் வாஷிங்டனின் கென்னடி மையத்தில் தேசிய சிம்பொனி இசைக்குழுவோடு ‘இல்மேட்டிக்’ முழுமையாக நிகழ்த்தப்பட்டது; 2018இல் கென்ட்ரிக் லாமரின் ‘டேம்’ ஆல்பம் இசைக்கான புலிட்சர் பரிசை வென்றது; 2021இல் ‘இல்மேட்டிக்’ தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்ந்தது. இவையனைத்தும் வரவேற்கத்தக்கவை; எனினும் இவை ஏற்கெனவே நிகழ்ந்துவிட்ட ஒன்றை உறுதிப்படுத்தும் முத்திரைகளே.

முதன்மையான தீர்ப்பைப் பின்வந்த கலைஞர்கள் வழங்கினர். ‘இல்மேட்டிக்’கில் ஒலித்த நாஸின் குரலையே சாம்பிளாக எடுத்து ஜே-ஸீ 1996இல் தம் முதல் ஆல்பத்தின் பாடல் ஒன்றைக் கட்டினார்; ஐந்து ஆண்டுகள் கழித்து இருவருக்கும் மூண்ட சொற்போரில், அந்த ஒரே ஆல்பத்தின் உயரத்தைக் கொண்டே நாஸின் பிற படைப்புகளைத் தாழ்த்தினார். எதிரியும் மறுக்க முடியாத அளவுகோலாக அந்த ஆல்பம் ஆகியிருந்தது. 2013இல் வட கரோலினாவில் வளர்ந்த ஜே. கோல், வானொலிக்காகத் தாம் அமைத்த பாடலால் நாஸ் ஏமாற்றமடைந்தார் என்று அறிந்த வருத்தத்தையே ஒரு பாடலாக்க, நாஸ் அதே இசையில் அவரைத் தட்டிக்கொடுத்துப் பதில் பாடினார். குயின்ஸ்பிரிட்ஜோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு தலைமுறை, அங்கு உருவான ஆல்பத்தைத் தன் மனசாட்சியின் அளவுகோலாக ஏற்றதையே இந்தப் பாடல் பரிமாற்றம் காட்டுகிறது.

செவ்வியல் என்ற பட்டம் அதைப் படைத்தவருக்குச் சுமையாகவும் மாறும். இருபது வயதில் எழுதிய ஆல்பத்தோடு நாஸின் பிற்காலப் படைப்பு ஒவ்வொன்றும் ஒப்பிடப்பட்டது. வளமும் வயதும் கூடிய மனிதர் பழைய குடியிருப்பின் இளைஞராகவே என்றும் பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பது, மெய்த்தன்மையின் பெயரால் அவரைப் பொய் சொல்லத் தூண்டுவதாகும். அவர் முதல் கிராமி விருதைப் பெற்றது 2021இல், முதிர்ந்த மனிதரின் நிதானத்தோடு அமைந்த ‘கிங்ஸ் டிசீஸ்’ ஆல்பத்துக்காக என்பது இந்த வகையில் பொருத்தமானது.

ஆகவே மெய்த்தன்மை பற்றிய விவாதத்தைக் கைவிட வேண்டியதில்லை. அதன் கேள்வியைத் திருத்திக்கொள்வதே தேவை. ஒருவர் பிறந்த முகவரியையும் குற்றப்பதிவையும் சோதிக்கும் விசாரணை, வெனிலா ஐஸின் பொய்யைக் கண்டுபிடிக்க உதவலாம். ‘இல்மேட்டிக்’ ஏன் நிலைத்தது என்பதை அதனால் விளக்க இயலாது. தான் உரிமை கோரும் இடத்துக்கும் மக்களுக்கும் மரபுக்கும் ஒரு படைப்பு தன் சொல்லாலும் ஒலியாலும் பதில் சொல்லும் பொறுப்பை ஏற்றிருக்கிறதா, அதை உருவாக்கிய ஒவ்வொருவரின் உழைப்பையும் மறைக்காமல் நிற்கிறதா, அவ்விடத்தை ஒருபோதும் பார்த்திராதவரும் தம் வாழ்வைப் பேசுவதற்கான மொழியை அதிலிருந்து பெறுகிறாரா என்பவையே ஓர் ஆல்பத்தின் முன் வைக்கப்பட வேண்டிய கேள்விகள். இவற்றுக்கு ஆம் என்று விடை தரும் ஆல்பம், பிராங்க்ஸிலிருந்து வந்தாலும் அட்லாண்டாவிலிருந்து வந்தாலும், ஆண் பாடினாலும் பெண் பாடினாலும், மெய்யானது. அந்த விடையைத் தலைமுறைதோறும் புதிதாகச் சொல்ல வல்லதே செவ்வியல்.